மோட்டார் இல்லாத சாலை

வேலூரைப் பற்றி வெளியூரார் சொல்லும் கேலிப் பேச்சு ஒன்று உண்டு. அரசன் இல்லாத கோட்டை, ஆண்டவன் இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, நீர் இல்லாத ஆறு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டிவிட்டு, நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவற்றுள் ஒன்று பொய்யாகி வெகு காலமாயிற்று. 1981-ஆம் ஆண்டிலேயே கோட்டைக் கோயிலுக்குள் ஜலகண்டேசுவரர் மீண்டும் எழுந்தருளிவிட்டார். ஆறும் சில சமயம் கேலி செய்தவர்களைத் திடுக்கிட வைப்பதுண்டு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். ஆனால் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய ‘இல்லாத’ ஒன்றை இதுவரை யாரும் சேர்த்ததாகத் தெரியவில்லை. அதுதான் மோட்டார் இல்லாத சாலை. கேலியாக அல்ல, பெருமையாகவே சேர்க்கத் தக்கது அது.

“மோட்டார் இல்லாத சாலையாவது, வேலூர்ப் பக்கத்திலாவது!” என்று நேயர்கள் நகைக்கலாம். நகைப்பதில் நியாயம் உண்டு. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை ராணிப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு செல்கிறது. இரவும் பகலும் ஓயாமல் லாரிகள் அதில் பறக்கின்றன. காரிலோ பஸ்ஸிலோ செல்பவருக்கு இந்தப் பிரதேசம் முழுவதும் ஒரே தார்ப்பட்டையாகவும், அதன் இரு பக்கத்திலும் ஓட்டல்களாகவுமே காட்சியளிக்கும். ஆனால் அந்த நெடுஞ்சாலையை விட்டு இரண்டு மைல் விலகிப் பாருங்கள். ஏரிக்கரை, புளியஞ்சாலை, தென்னந்தோப்பு, கடலைக் கொல்லை என்று வேறோர் உலகம் விரியும். மாட்டு வண்டிக்காக ஏற்பட்டு, பின்னர் தார் பூசப்பட்ட அந்தக் கிராமச் சாலைகளில் அரை மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் அதுவே அதிகம்.

நாங்கள் இந்தச் சாலைகளைத் தேடிப் போனது உல்லாசத்துக்காக அல்ல. அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு தாயின் கேள்வி

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஊரில் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்கம் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கும் திட்டத்தை 2001-ஆம் ஆண்டில் தொடங்கியது. முதலில் ஒரு சில மாணவிகளுக்கென்று ஏற்பட்ட அந்தத் திட்டம், பிறகு படிப்படியாக எல்லோருக்கும் விரிந்தது. அதனால் பள்ளிக்கு வந்த குழந்தைகள் அநேகர். ஆனால் சைக்கிளைக் கொடுத்த சர்க்கார், அதை ஓட்டிச் செல்லச் சாலை கொடுக்க மறந்துவிட்டது. சைக்கிள் வந்த காலமும் லாரிகள் பெருகிய காலமும் ஒன்றாகவே அமைந்தன.

பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் நெடுஞ்சாலையின் ஓரமாக வந்துகொண்டிருந்தான். பின்னால் வந்த லாரி ஒன்று அவன்மேல் உராய்ந்துவிட்டுப் போயிற்று. உயிர் தப்பியது தெய்வாதீனம். கால் ஒடிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். அவனைப் பார்க்கப் போனபோது, வளைந்து நெளிந்த சைக்கிள் வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடந்தது. அவன் தாயார் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறவள். அவள் எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்:

“சார், பஸ்ஸு நேரத்துக்கு வர்றதில்ல. சைக்கிள்ல அனுப்ப எனக்கு நெஞ்சு துணியல. படிப்ப நிறுத்திடட்டுங்களா?”

எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் மூவர். ஒருவர் கணக்கு, ஒருவர் சரித்திரம், மூன்றாமவர் தேகப் பயிற்சி ஆசிரியர். திரும்பி வரும் வழியில் கணக்கு ஆசிரியர்தான் சொன்னார்: “நெடுஞ்சாலை வருவதற்கு முன்பும் இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் போன வழி எங்கே?”

அந்த வழியைத் தேடித்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சைக்கிளில் புறப்பட்டோம். ஒரு பையனுக்காகத் தொடங்கிய தேட்டம், மெல்ல மெல்ல இந்தப் பிரதேசம் முழுவதையும் சுற்றி வருவதில் கொண்டுபோய் விட்டது.

நாகநதிக் கரையில்

முதலில், புதிதாகச் சவாரி தொடங்குவோருக்கு ஏற்ற ஒரு வழியைச் சொல்கிறோம். வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி என்னும் இடம் இருக்கிறது. காடும், சிறு மிருகக்காட்சிச் சாலையும், மழைக்காலத்தில் அருவியும் உண்டு. ஆரணி சாலையில் பாகாயத்தைக் கடந்து கணியம்பாடி வரையில் பஸ்களும் கார்களும் தொந்தரவு கொடுக்கும். ஆகையால் விடியுமுன்னரே அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது புத்திசாலித்தனம். கணியம்பாடியில் மலைப் பக்கம் திரும்பியதும் காது திடீரென்று திறந்துகொண்டதுபோல் இருக்கும். சக்கரம் சுழலும் ஓசையும், எங்கோ ஒரு மயில் அகவும் ஓசையும் தவிர வேறொன்றும் இல்லை.

இந்தப் பக்கத்தில் ஓடும் சிற்றாற்றுக்கு நாகநதி என்று பெயர். ஜவ்வாது மலையில் பிறக்கும் இந்த நதி பல ஆண்டுகளாக வறண்டு கிடந்தது. கிணறுகளும் அதனுடன் வறண்டன. 2014-ஆம் ஆண்டையொட்டி இதை மீட்கும் முயற்சி தொடங்கிற்று. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் ஏறக்குறைய 20,000 பெண்கள், மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி வேலை செய்தார்கள். மலைச் சரிவில் கல் தடுப்புகள் கட்டினார்கள். ஆற்றுப் படுகையில் சிமெண்டு உறைகளை இறக்கி உறிஞ்சு கிணறுகள் அமைத்தார்கள். வேகமாக ஓடி வீணாகும் மழைநீரை நிறுத்தி, பூமிக்குள் இறங்கச் செய்வதே இதன் தந்திரம். நதி மீண்டும் உயிர் பெற்றது. 2021-ஆம் ஆண்டில் பிரதமர் தமது வானொலிப் பேச்சில் இந்தப் பெண்களைப் பாராட்டினார்.

காரில் அமிர்திக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த உறிஞ்சு கிணறுகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. சைக்கிள்காரனோ மூச்சு வாங்குவதற்காக நிற்கிறான். நின்ற இடத்தில், “அது என்ன ஐயா, ஆற்றுக்குள் கிணறு?” என்று கேட்கிறான். ஒரு மூதாட்டி தன் கையால் தோண்டியதைப் பெருமையோடு காட்டுகிறாள். மெதுவாகப் போகிறவனுக்குத்தான் தேசம் தன் கதையைச் சொல்கிறது.

முள்ளுக் கத்தரிக்காயும் ஆம்பூரும்

இரண்டாவது வழி சற்று நீளமானது. முழுப் பகலும் வேண்டும். வேலூரிலிருந்து நெடுஞ்சாலை வழியே ஆம்பூருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நாங்கள் சொல்லும் வழி அதைவிடச் சுற்று. ஆனால் அந்தச் சுற்றுத்தான் சுகம்.

அரியூருக்கு அருகில் ஸ்ரீபுரம் பொற்கோயில் வரையில் யாத்திரிகர்களின் வண்டிகள் நெருக்கும். அதைத் தாண்டி ஊசூர், அணைக்கட்டு என்று போகப் போகச் சாலை அமைதியடையும். இடது கைப்பக்கத்தில் ஜவ்வாது மலைத் தொடர் நம்முடனேயே வரும். இந்த அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடியில்தான் புகழ்பெற்ற முள்ளுக் கத்தரிக்காய் விளைகிறது. காம்பில் முள்ளோடு பளபளவென்றிருக்கும் இந்தக் காய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்து ஓரத்தில் நிறுத்தி விலை கேட்டால், “எடுத்துக்கோங்க சார், ரெண்டு காய்க்கு என்னா காசு?” என்பார்கள். வாங்காமல் வருவது கடினம்.

ஒடுகத்தூரை அடைந்து வடக்கே திரும்பினால் மாதனூர். அங்கே நெடுஞ்சாலையைக் கடந்தாக வேண்டும். கடந்து, பாலாற்றின் அக்கரைக்குப் போய்விட்டால் மறுபடியும் அமைதி. இதற்குப் பூகோளக் காரணம் ஒன்று உண்டு. வேலூர் முதல் இந்தப் பக்கம் வரையில் நெடுஞ்சாலை ஆற்றின் தென்கரையோடு போகிறது. காட்பாடியிலிருந்து வரும் இருப்புப்பாதையோ வடகரையைப் பிடித்துக்கொண்டது. வண்டிகளெல்லாம் தென்கரைக்குப் போய்விட்டதால் வடகரைக் கிராமச் சாலைகள் தப்பிப் பிழைத்தன. வளத்தூர், மேற்பட்டி ரயில் நிலையங்களின் பக்கமாக, கேட்டுக் கேட்டுக் கிராமச் சாலை வழியே ஆம்பூரை நோக்கிப் போகலாம். வழி தவறினாலும் நஷ்டமில்லை. தவறிய வழியிலும் ஒரு டீக்கடை இருக்கும்.

இரண்டு வகை அமைதி

அந்த வடகரையில்தான் எங்கள் உற்சாகத்தை நிறுத்தி யோசிக்க வைத்த சம்பவம் நடந்தது. ஆம்பூரை நெருங்கிக்கொண்டிருந்தோம். ஒரு கிணற்றங்கரையில் புங்கமர நிழலைக் கண்டு இறங்கினோம். சுற்றிலும் ஓசையே இல்லை. “ஆகா, எவ்வளவு நிம்மதி! ஒரு மோட்டார் சத்தம் உண்டா?” என்று மகிழ்ந்தார் தேகப் பயிற்சி ஆசிரியர்.

நிழலில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பெரியவர் மெல்லச் சிரித்தார். “எப்படிங்க இருக்கும், வாத்தியாரய்யா? கமலை போச்சு, மோட்டார் வந்துச்சு. இப்போ மோட்டாரும் நின்னு பத்து பதினஞ்சு வருசம் ஆவுது. கெணத்துல தண்ணி இருக்குது. வாயில வெக்க முடியாது. பயிருக்கு உட்டா கருகிப் போவுது. புள்ளைங்க ரெண்டு பேரும் தோல் கம்பெனிக்குப் போறாங்க.”

நாங்கள் மோட்டார் என்றது சாலையில் ஓடும் வண்டியை. அவர் மோட்டார் என்றது கிணற்றில் நீர் இறைக்கும் யந்திரத்தை. இரண்டும் இல்லாத இடத்தில்தான் நாங்கள் நிம்மதியைக் கண்டு வியந்துகொண்டிருந்தோம்! வாய் பேசாமல் எழுந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டோம்.

இந்தப் பிரதேசத்தில் தோல் பதனிடுவது நேற்று வந்த தொழில் அல்ல. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்புகளைக் கொண்டு விரைவில் பதனிடும் முறை பரவிற்று. 1970-களில் பதனிடாத தோலின் ஏற்றுமதியை மத்திய அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது, உள்நாட்டில் தொழில் பெருகிற்று. அந்நியச் செலாவணி வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறும் வந்தது. கூடவே கழிவு நீரும் வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உப்பும் ரசாயனமும் கலந்த அந்த நீர் பல ஆண்டுகள் வயலிலும் ஆற்றிலும் விடப்பட்டது.

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வு முடிவு அந்தத் தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்புகளுள் இது ஒன்று. சட்டக் கல்லூரிகளிலெல்லாம் இன்று அதைப் படிக்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டு, நிலைமை பல இடங்களில் முன்னைவிடத் திருந்தியிருப்பதும் உண்மை. ஆனாலும் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கொடுக்கவும், ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கமிட்டி அமைக்கவும் உத்தரவிட நேர்ந்தது. புண் இன்னும் ஆறவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

தொழிலை நாங்கள் பழிக்கவில்லை. எங்கள் மாணவர்களில் பலருடைய தாய்மார்கள் அதில் உழைத்தே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் நாகநதிக் கரையில் கேட்ட அமைதி வேறு. இந்தக் கிணற்றங்கரையின் அமைதி வேறு. முன்னது உயிருள்ள அமைதி. பின்னது உயிர் போன அமைதி. நெடுஞ்சாலையில் பறப்பவர் இரண்டையும் அறியமாட்டார். அமைதியான சாலையில் போகிறவர் இரண்டையும் அறிந்தாக வேண்டும். எங்கள் மாணவர்களை இந்த வழியில் அழைத்துச் சென்று இரண்டையும் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தோம். பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட அந்தப் பெரியவரின் நான்கு வார்த்தை மேல்.

பிற நாட்டாரும் நம்மவரும்

சைக்கிளுக்கென்று தனி வழி கேட்பது ஆடம்பரம் என்று நினைப்பவர் உண்டு. ஹாலந்து தேசத்தில் இன்று சைக்கிள் பாதைகள் வலைபோல் பின்னிக் கிடப்பதை எல்லோரும் புகழ்கிறார்கள். அது எப்படி வந்தது என்பதைச் சிலரே அறிவர். அங்கேயும் மோட்டார்கள் பெருகி, 1971-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் மாண்டார்கள். பெற்றோர்கள் வீதிக்கு வந்து, குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று கிளர்ச்சி செய்தார்கள். அந்தக் கண்ணீரிலிருந்தே பாதைகள் பிறந்தன. இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் என்னும் இரு நகரங்களுக்கிடையே கைவிடப்பட்ட இருப்புப்பாதையை, 1979 முதல் 1986 வரையில் தொண்டர்கள் சிறிது சிறிதாகச் சீர்படுத்திச் சைக்கிள் வழியாக்கினார்கள். அதிலிருந்து நாடு தழுவிய சைக்கிள் வழித் தொடர் ஒன்றே வளர்ந்தது. அந்தத் தொடரின் பெரும் பகுதி புதிதாகப் போட்ட பாதையும் அல்ல. இருக்கிற அமைதியான சாலைகளைக் கண்டுபிடித்து, துண்டு விழுந்த இடங்களை இணைத்து, பெயர்ப் பலகை நட்டதுதான்.

நம் நாட்டுப் பெருமையும் குறைந்ததல்ல. 1991-ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, எவர் துணையுமின்றி அவர்கள் சென்ற காட்சியை உலகமே வியந்து எழுதிற்று. சைக்கிள் என்பது ஏழையின் வாகனம் மட்டுமல்ல. அது சுதந்தரத்தின் வாகனம்.

புறப்படுவோருக்குச் சில வார்த்தைகள்

குடும்பத்தோடு புறப்பட விரும்புவோருக்கு எங்கள் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறோம். மார்கழி, தை மாதங்களே உத்தமம். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது வீட்டில் இருப்பதே தேகத்துக்கு நல்லது. அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, பதினொரு மணிக்குள் நிழலில் தங்கிவிட வேண்டும். காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், மாற்று டியூபு ஆகியவை அவசியம். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். வழியிலுள்ள கிணற்றை நம்ப வேண்டாம். ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறோம். ஆற்றில் வெள்ளம் வரும் நாளில் தரைப்பாலத்தில் இறங்கவே கூடாது.

விலையுயர்ந்த சைக்கிள் வேண்டுமோ என்று சிலர் கேட்கிறார்கள். 1923-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர்களில் மூவர், பாலைவனமும் மலையும் கடந்து உலகத்தைச் சுற்றி 1928-ல் திரும்பி வந்தார்கள். அவர்கள் காலத்துச் சைக்கிளைவிட உங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்பது எவ்வளவோ மேலானது. ஆம்பூரை அடைந்ததும் சீரகசம்பாப் பிரியாணியும் கத்தரிக்காய்க் குழம்பும் காத்திருக்கும். எங்களில் சைவரான கணக்கு ஆசிரியர் குழம்போடு திருப்தியடைந்தார். அவருடைய கூடையிலிருந்த இலவம்பாடிக் கத்தரிக்காய் வீடு வந்து சேர்ந்தது.

வழித்துணை

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் இருக்கிறது. மதிலழகுக்குப் பெயர் போன ஊர். நிழலைக் கொண்டு பகலில் மணி காட்டும் கல் ஒன்றும் அந்தக் கோயிலில் உண்டு. அங்கே எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்கு மார்க்கபந்தீசுவரர் என்று திருநாமம்; வழித்துணை நாதர் என்பது பொருள். அப்பைய தீட்சிதர் இவர்மேல் பாடிய மார்க்கபந்து ஸ்தோத்திரத்தைப் பிரயாணத்துக்கு முன் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வழிப்போக்கனுக்குத் துணை வேண்டும் என்பதை நம் முன்னோர் எவ்வளவு நன்றாக உணர்ந்திருந்தார்கள்!

எங்கள் பையனுக்கும் வழி கிடைத்துவிட்டது. நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு ஊரார் போன வழி ஏரிக்கரை மேல் இருந்தது. முள் மண்டிக் கிடந்ததை மாணவர்களும் ஊர் இளைஞர்களும் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டிச் சரிசெய்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர் சுற்று. ஆனால் ஒரு லாரி கிடையாது. அவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தாயாரும் சம்மதித்துவிட்டாள்.

ஒரே ஓர் இடம்தான் பாக்கி. ஏரிக்கரை முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் இடத்தில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். அங்கே சுரங்கப்பாதை இல்லை. அதிகாரிகளுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். புதிய சாலை போட்டுத் தரும்படி நாங்கள் கேட்கவில்லை. இருக்கும் கிராமச் சாலைகளைப் பழுது பார்த்து, நெடுஞ்சாலையால் துண்டான இடங்களில் குனிந்து போகவாவது ஒரு வழி விட்டு, முனைக்கு முனை ஒரு பலகை நட்டால் போதும். வேலூரிலிருந்து ஆம்பூர் வரையில் குழந்தைகளும் வேலைக்குச் செல்லும் பெண்களும் யாத்திரிகர்களும் அச்சமின்றிப் போகலாம்.

அது நடக்கும் வரையில், காலையில் ஒருவரும் மாலையில் ஒருவருமாக நாங்கள் மூவரும் முறை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்கிறோம். கையைத் தூக்கி லாரிகளை நிறுத்தி, பிள்ளைகளைக் கடத்தி விடுகிறோம். நாளைக் காலை சரித்திர ஆசிரியரின் முறை.